வீட்டுத் தோட்டத்தில் சப்பாத்திக்கள்ளி: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு முன்புறம் ஒரு சப்பாத்திக்கள்ளிப் புதர் இருக்கிறது. மட்டை கேட்டு வருகிறவர்கள், நட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர்கள், மதில் மேலே எட்டிப் பார்த்துத் திட்டுகிறவர்கள் எல்லோருக்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

சப்பாத்திக்கள்ளின்னா எதுங்க? சோத்துக்கத்தாழையும் இதுவும் ஒண்ணா?

இல்லை. சோற்றுக்கற்றாழை வேறு குடும்பம். சப்பாத்திக்கள்ளியில் தட்டையான பச்சை மட்டைகள் ஒன்றின் தலையில் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகும். சில ஊர்களில் நாகதாளி என்பார்கள். மட்டையை இலை என்று நினைக்கிறோம், ஆனால் அது தண்டு. உண்மையான இலையைப் பார்க்க வேண்டுமானால் புதிதாகத் துளிர்க்கும் மட்டையைப் பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியிலும் சின்னக் கூம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், சில வாரங்களில் உதிர்ந்துவிடும்.

மட்டையில் புள்ளி புள்ளியாக இருப்பவற்றைக் கண் என்கிறோம். முள், துளிர், பூ, வேர் எல்லாமே அந்தக் கண்ணிலிருந்துதான் வரும். பெரிய முள்ளின் அடியில் பொடி மயிர் போல ஒரு கொத்து இருக்கும். அதுதான் சுணை. பெரிய முள்ளைவிட அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

இது நம்ம ஊர்ச் செடிதானே அக்கா? எங்க பாட்டி காலத்துலேர்ந்தே வேலியில இருக்கே!

பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது, சரி. ஆனால் நம் ஊர்ச் செடி இல்லை. இந்தக் குடும்பமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. மரத்தில் தொங்கி வளரும் ஒரே ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகிறது. சங்கப் பாட்டில் பாலை நிலத்திலும் சுடுகாட்டிலும் கள்ளி வருகிறதே என்று தமிழாசிரியர்கள் கேட்பார்கள். அது பால் வடியும் கள்ளி. அந்தப் பாடல்கள் எழுந்த காலத்தில் சப்பாத்திக்கள்ளி கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

இங்கே அது பெருகிய கதையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. மெக்சிகோவில் இந்தக் கள்ளியின் மேல் வாழும் ஒரு சின்னப் பூச்சியைக் காயவைத்துப் பொடித்தால் கருஞ்சிவப்புச் சாயம் கிடைக்கும். கொச்சினீல் என்று பெயர். ஸ்பெயின்காரர்கள் அந்த வியாபாரத்தில் கொழுத்ததைப் பார்த்துக் கம்பெனிக்கும் ஆசை வந்தது. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் இதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து கப்பலில் பூச்சியும் வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது வேறு இனம். சாயம் மட்டமாக இருந்தது. அந்தப் பூச்சி ஒரு வகைக் கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது.

அதைப் பார்த்துத்தான் 19ஆம் நூற்றாண்டில் பூச்சியை வேண்டுமென்றே கள்ளிக்காடுகளில் விட்டார்கள். களையை ஒழிக்கப் பூச்சியை ஏவிய முயற்சிகளில் உலகிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று அது. இன்று நாம் அதிகம் பார்க்கும் மஞ்சள் பூக் கள்ளி அதற்கு மசியவில்லை. 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு வகைப் பூச்சியைக் கொண்டுவந்த பிறகுதான் மதராஸ் மாகாணத்தில் அது அடங்கியது. “அந்தக் காலத்துல காடெல்லாம் கள்ளி, இப்ப எங்க போச்சு?” என்று கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில்.

கள்ளிப்பால் விஷமாச்சே. குழந்தை இருக்கிற வீட்டுல வைக்கலாமா?

கள்ளிப்பால் என்றதும் நம் மாவட்டத்தில் மனசு எங்கே போகும் என்று தெரியும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் சேலத்தில்தான் தொடங்கியது. அந்தப் பால் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுக்கள்ளி போன்றவற்றில் வருவது. அவை ஆமணக்கின் குடும்பம். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

சப்பாத்திக்கள்ளியில் பால் கிடையாது. மட்டையைக் கீறிப் பாருங்கள், நிறமில்லாத வழவழப்பான சாறுதான் வரும். விஷம் இல்லை. ஆனால் முள்ளும் சுணையும் உண்டு. அதனால் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் எட்டும் உயரத்தில் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். குழந்தை வளரட்டும், செடி எங்கேயும் ஓடிவிடாது.

எந்த நர்சரியில கேட்டாலும் இல்லைங்கறாங்க. மலையில போய் ஒடிச்சுக்கலாமா?

சேர்வராயன் மலையில் பல இடங்கள் காப்புக்காடு. அங்கே எந்தச் செடியையும் ஒடிக்கக் கூடாது. பட்டா நிலத்து வேலியில் இருந்தால் நிலத்துக்காரரைக் கேளுங்கள். ஓமலூர், வாழப்பாடி பக்கம் யாரும் மறுக்க மாட்டார்கள், எடுத்துக்கொண்டு போனால் சரி என்பார்கள். நர்சரிகளில் இது இல்லாததற்குக் காரணம் எளிது. சும்மா கிடைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

மட்டையை அப்படியே மண்ணுல குத்தி வச்சா வந்துடுமா?

பெரும்பாலும் வந்துவிடும், ஆனால் சில நேரம் அழுகிவிடும். அழுகாமல் இருக்க ஒரே வழி காயவைப்பது. முற்றிய மட்டையாக, ஒரு வயதாவது ஆனதாகப் பார்த்து, இரண்டு மட்டை சேரும் இடுக்கில் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். நடுவில் வெட்டினால் காயம் பெரிதாகும். பிறகு நிழலில், காற்று படும் இடத்தில், பத்துப் பதினைந்து நாள் போட்டு வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிவிடும். மட்டை கொஞ்சம் சுருங்கியிருந்தால் பயப்பட வேண்டாம்.

மண் கலவையில் செம்மண் ஒரு பங்கு, ஆற்றுமணலோ எம்-சாண்டோ ஒரு பங்கு, சரளையோ செங்கல் உடைசலோ அரைப் பங்கு இருந்தால் போதும். எம்-சாண்டில் பொடி அதிகம் இருந்தால் சலித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிமெண்டு மாதிரி இறுகும். மட்டையில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகட்டும். சாய்ந்தால் இரண்டு கல்லை முட்டுக் கொடுங்கள். முதல் வாரம் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். நடுவதற்கு நல்ல காலம் தை, மாசி. ஆவணி முதல் கார்த்திகை வரை சேலத்தில் மழை பிடித்துக்கொள்ளும், அப்போது நட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். தலையில் புதுத் துளிர் வந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

எங்க வீடு கருப்பூர் பக்கம். மண்ணே வெள்ளையா சாம்பலாட்டம் கிடக்கு, வருமா?

மேக்னசைட் சுரங்கம் இருக்கும் பூமி அது. மண்ணில் மெக்னீசியம் கூடுதல், சுண்ணாம்புச் சத்தும் மற்றச் சத்துகளும் குறைவு, பாறையும் மேலாகவே இருக்கும். நேராகத் தரையில் வைப்பதைவிட முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கி, வெளியிலிருந்து செம்மண் கொட்டி மேட்டுப்பாத்தி போடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு கை ஆட்டுப்புழுக்கை தூவுங்கள். வேறு உரம் எதுவும் தேவையில்லை.

தண்ணி எவ்வளவுங்க? தினமும் ஒரு சொம்பு ஊத்தறேன், அடி கறுப்பாகுது.

அந்தச் சொம்புதான் காரணம். இந்தச் செடி பகலில் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்ளும். பகல் வெயிலில் அதை வைத்துச் சமைக்கும். அதனால் தண்ணீர் வீணாவது மிகக் குறைவு. மட்டைக்குள் இருக்கும் வழவழப்பு, தண்ணீரைப் பிடித்து வைக்கும் சரக்கு.

தரையில் வேர் பிடித்த செடிக்குச் சேலத்து மழையே போதும். தொட்டியில் என்றால் கோடையில் பத்து நாளுக்கு ஒரு முறை, மண் அடிவரை காய்ந்த பிறகு ஊற்றலாம். மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். மட்டை சுருங்கினால் தாகம், மெத்தென்று ஆகி நிறம் மங்கினால் அழுகல். கறுத்த பகுதிக்கு மேலே நல்ல மட்டையாக வெட்டி எடுத்து, மேலே மட்டை நடும் கேள்வியில் சொன்னபடி காயவைத்து மறுபடி நடுங்கள். அடியைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

ஏற்காட்டுல எங்களுக்கு ஒரு சின்ன இடம் இருக்கு. அங்க வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அது சந்தோஷமாக இருக்காது. ஏற்காடு 1500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மழையும் மேலே ரொம்ப அதிகம், மூடுபனி வேறு. குளிரை இது தாங்கும், ஈரத்தைத்தான் தாங்காது. காப்பிக்கும் ஆரஞ்சுக்கும் பொருத்தமான இடத்தில் கள்ளியைக் கட்டாயப்படுத்துவானேன்? வைத்தே ஆகவேண்டும் என்றால் தெற்கு பார்த்த சரிவில், பாறை இடுக்கில், அல்லது சன்ஷேடு அடியில் மழை நேராக விழாத இடத்தில் தொட்டியாக வையுங்கள். அடிவாரம் வரைக்கும்தான் அதன் ராஜ்ஜியம்.

மூணு வருஷமாச்சு, பச்சைப் பசேல்னு இருக்கு. ஒரு பூ கூட இல்லையே?

எனக்குப் படம் அனுப்பியவர்களில் பாதிப் பேர் செடி இருந்தது வேப்பமரத்து நிழலில். நாளுக்கு ஆறு மணி நேர நேர் வெயிலாவது வேண்டும். மீதிப் பேர் ரோஜாவுக்குப் போடும் உரத்தை இதற்கும் போட்டிருந்தார்கள். தழைச்சத்து ஏறினால் மட்டையாகத் தள்ளும், பூக்காது.

பூ வந்தால் காலையிலேயே பார்த்துவிடுங்கள். எலுமிச்சை மஞ்சளில் விரியும், வாடும்போது ஆரஞ்சு நிறம் ஏறும், ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள்தான். தேனீக்கள் உள்ளே புரண்டு மகரந்தத்தில் குளித்துவிட்டுப் போகும். பூச்சிமருந்து அடிப்பதாக இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மட்டையில வெள்ளை வெள்ளையா பஞ்சு ஒட்டியிருக்கு. நசுக்கினா ரத்தம் மாதிரி வருது, பயமா இருக்கு.

ரத்தம் இல்லை. கம்பெனிக்காரர்கள் தேடிய சாயப்பூச்சியின் உறவுக்காரர்தான் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். வெள்ளைப் பஞ்சு அதன் மெழுகுப் போர்வை. மாவுப்பூச்சியும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் நசுக்கினால் இவ்வளவு கருஞ்சிவப்பாக வராது.

ஹோஸ் பைப்பில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் பெரும்பாலும் கழன்றுவிடும். மிச்சத்தைக் காதி சோப்புக் கரைசலில் நனைத்த பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். வாரம் ஒரு முறை, நாலைந்து வாரம் விடாமல் செய்ய வேண்டும். மெழுகு இருப்பதால் மேலோட்டமாகத் தெளித்தால் வேலைக்காகாது. முழுவதும் மூடிய மட்டைகளை வெட்டி எறிந்துவிடுங்கள். மாகாணத்தையே காலி செய்த பூச்சி இது, ஒரு புதர் அதற்கு எம்மாத்திரம்?

கையில சுணை ஏறிடுச்சு. கண்ணுக்கே தெரியல, ஆனா குத்துது. என்ன பண்றது?

முதலில் தேய்க்காதீர்கள், வாயால் எடுக்க முயலாதீர்கள். சுணையில் பின்பக்கமாகக் கொக்கி இருக்கும். தேய்த்தால் இன்னும் உள்ளே போகும், அதே கையால் முகத்தைத் துடைத்தால் அங்கேயும் ஏறும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக் கொத்தாகத் தெரிவதைச் சாமணத்தால் எடுங்கள். மீதிக்கு ஃபெவிகால் கொஞ்சம் தடவி, மேலே மெல்லிய துணி வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு உரியுங்கள். செல்லோடேப் ஓரளவுக்குத்தான் எடுக்கும். சிலருக்கு இரண்டு மூன்று நாள் அரிப்பும் சிறு கொப்புளமும் இருக்கும். வீக்கம் கூடினால் மருத்துவரிடம் போங்கள். கண்ணில் பட்டால் ஒரு நிமிடம்கூட வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராகக் கண் மருத்துவமனைதான்.

துணிக் கையுறை போட்டுக்கொண்டு மட்டையைத் தொடாதீர்கள். சுணை துணியில் தங்கி அடுத்த முறையும் குத்தும். மடித்த செய்தித்தாள், அல்லது அடுப்பங்கரை இடுக்கிதான் நல்லது.

பழம் சாப்பிடலாமா? சின்ன வயசுல ஆடு மேய்க்கறப்ப சாப்பிட்டிருக்கோம், இப்ப மறந்து போச்சு.

சாப்பிடலாம். முழுவதும் கருஞ்சிவப்பாகி, இடுக்கியால் பிடித்துத் திருகினால் எளிதாகக் கழல வேண்டும். அதுதான் பழம். பச்சை ஓடியிருந்தால் இன்னும் விடுங்கள். பறித்ததும் இடுக்கியில் பிடித்தபடி அடுப்புத் தணலில் சுற்றிக் காட்டினால் சுணை பொசுங்கிவிடும். மேய்ச்சல்காரர்கள் மண்ணில் போட்டுச் செருப்பால் உருட்டித் தேய்ப்பார்கள், அதுவும் சரியான முறைதான். பிறகு இரண்டு முனையையும் வெட்டுங்கள். தலைப்பக்கம் குழிவாக இருக்கும், அங்கே சுணை பதுங்கியிருக்கும், அதனால் அந்தப் பக்கம் தாராளமாகவே வெட்டுங்கள். நீளவாக்கில் கீறித் தோலை உரித்தால் உள்ளே சாறும் விதையும்தான்.

விதை அதிகம், கல் மாதிரி கடினம். நிறையத் தின்றால் மலச்சிக்கல் வரும். பிசைந்து வடிகட்டிக் கொஞ்சம் எலுமிச்சையும் உப்பும் சேர்த்துக் குடிப்பது எனக்குப் பிடித்த வழி. அடுத்த நாள் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். பீட்ரூட்டில் இருக்கும் அதே வகை நிறமிதான், பதற வேண்டாம்.

யூடியூப்ல ஹீமோகுளோபின் கிடுகிடுன்னு ஏறும், சுகர் போயிடும்ங்கறாங்களே?

பழம் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நிறத்துக்கும் இரும்புச்சத்துக்கும் சம்பந்தம் இல்லை. விட்டமின் சி உண்டு, நார்ச்சத்து உண்டு, நல்ல பழம். அவ்வளவுதான். ரத்தசோகைக்கும் சர்க்கரைக்கும் மருத்துவர் கொடுத்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தாதீர்கள். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் தினமும் ஜூஸாகக் குடிக்கப் போவதாக இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மொட்டைமாடியில கள்ளி வச்சா இடி விழாதாமே? வாஸ்துப்படி முள்செடி ஆகாதுன்னும் சொல்றாங்களே?

இடிக்கு இடிதாங்கிதான் வைக்க வேண்டும். வாஸ்து பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், அதில் நான் தலையிடுவதில்லை.

இது இருந்தா பாம்பு வரும்னு பக்கத்து வீட்டம்மா சண்டைக்கு வர்றாங்க.

கள்ளியைத் தேடிப் பாம்பு வராது. எலியைத் தேடி வரும். அடியில் சருகும் குப்பையும் சேர்ந்து, மட்டைகள் தரையில் படர்ந்து கிடந்தால் எலிக்கு நல்ல வீடு. அதனால் தரையைத் தொடும் மட்டைகளை வருஷம் ஒரு முறை வெட்டி, அடியைக் கூட்டிச் சரளை பரப்பி வையுங்கள். மதில் ஓரத்திலிருந்து நாலடி தள்ளியும் வைத்திருந்தால் அந்தம்மாவின் பக்கம் ஒரு முள்கூட எட்டிப் பார்க்காது. முதல் பழத்தை அவருக்குக் கொடுத்துப் பாருங்களேன்.

முள்ளே இல்லாத கள்ளி இருக்காமே, அதை வைக்கலாமா?

இருக்கிறது. மெக்சிகோவிலும் இத்தாலியிலும் மொரோக்கோவிலும் பழத்துக்காகவும், வறண்ட நாடுகளில் மாட்டுத் தீவனத்துக்காகவும் வளர்ப்பது அதைத்தான். மட்டை பெரியது, பழமும் பெரியது. நம் நாட்டிலும் தீவனத்துக்காக வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் வளர்க்கின்றன. தோட்டத்தில் வைக்க அது நல்ல தேர்வு. ஆனால் முள்ளில்லை என்றால் பெரிய முள் இல்லை என்றுதான் பொருள். சுணை அதிலும் இருக்கும், பழத்தில் நிச்சயம் இருக்கும்.

தோட்டத்தைச் சுத்தி வேலியாவே நட்டுடலாமா? கம்பி வேலி செலவு மிச்சமாகும்ல?

இதற்கு மட்டும் நான் மட்டை தருவதில்லை. வேலி என்று நட்டால் பத்து வருஷத்தில் இரண்டு பக்கமும் படரும். உங்கள் நிலம் போதாது என்று ஓடைப் புறம்போக்குக்கும் இறங்கும். பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை மலை அடிவாரம் வரை கொண்டு போகும். ஆஸ்திரேலியாவில் வேலிக்கும் அழகுக்கும் என்று நட்டதுதான் கோடிக்கணக்கான ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை மூடியது. 1920களில் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்துதான் மீண்டார்கள்.

வீட்டுக்கு ஒரு புதர், சுற்றி நடக்க இடம், பழத்தை விழவிடாமல் பறித்துவிடுவது. இந்த மூன்றுக்கும் ஒப்புக்கொண்டால் வளருங்கள்.

பொண்ணு நியூ ஜெர்சியில இருக்கா. அங்க பனியிலயே சப்பாத்திக்கள்ளி தானா வளருதாம். அதுல ஒரு மட்டை கொண்டு வரச் சொல்லவா?

அவள் சொல்வது உண்மை. அது வேறு இனம், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கே சொந்தமானது. அங்கே வீட்டுத் தோட்டத்தில் வைத்தால் மண்ணின் செடியை வைத்ததாகப் பெருமைப்படலாம். முழங்காலுக்கும் கீழே படர்ந்து கிடக்கும். குளிர் வருமுன் மட்டையிலுள்ள தண்ணீரை விட்டுச் சுருங்கித் தரையோடு படுத்துவிடும், வெயில் வந்ததும் நிமிரும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். மணற்பாங்கான இடமும் முழு வெயிலும்தான் அங்கேயும் விதி.

இங்கே கொண்டுவர வேண்டாம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி வெளிநாட்டுச் செடிக்கு இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டு நலச் சான்றிதழும் தேவை. அதோடு, கள்ளிகளின் சர்வதேச வணிகத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

வெட்டின மட்டையை எங்க போடறது? குப்பை வண்டிக்காரர் வாங்க மாட்டேங்கறார்.

பாவம், அவர் கையில்தானே குத்தும். ஓடையிலோ ரோட்டோரத்திலோ போடவே கூடாது. நடுவது எவ்வளவு எளிது என்று மேலே பார்த்தீர்கள், மண்ணில் விழுந்த ஒவ்வொரு மட்டையும் ஒரு செடி. மொட்டைமாடியின் சிமெண்டுத் தரையில் மண் படாமல் பரப்பிச் சித்திரை வெயிலில் முழுவதும் காயவிடுங்கள். பொறுமை வேண்டும், பச்சையாகவே ரொம்ப நாள் கிடக்கும். கறுத்துச் சருகான பிறகு ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.

மாடு வைத்திருப்பவர் தெரிந்தால் இன்னும் நல்லது. பஞ்ச காலத்தில் செய்தது போல முள்ளையும் சுணையையும் தீயில் பொசுக்கி, துண்டு துண்டாக நறுக்கி, வைக்கோலோடு கலந்து கொடுக்கலாம். தனியாக நிறையக் கொடுத்தால் கழிச்சல் வரும்.

இதெல்லாம் கேட்டா நம்ம மண்ணோட செடியே வச்சுக்கலாம்னு தோணுது. கள்ளி மாதிரியே எதாச்சும் இருக்கா?

இருக்கிறது, அதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான். பார்வைக்குக் கள்ளிதான் வேண்டும் என்றால் சதுரக்கள்ளி. நம் கரட்டுப் பாறைகளில் தானாக நிற்பது, உயரமாக வளரும், வேலிக்கும் ஆகும். பால் உண்டு, அதனால் வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பி வேலியில் ஏற்றிவிடப் பிரண்டை இருக்கிறது. துவையலுக்கும் ஆகிவிடும்.

எனக்குப் பிடித்தது கள்ளிமுளையான். முள் கிடையாது, விரல் தடிமனில் நாலு பட்டையாக நிற்கும், முள்புதர்களின் அடி நிழலில் வளரும். மேய்ச்சல்காரர்கள் உடைத்துப் பச்சையாகவே மெல்லுவார்கள், புளிப்பும் துவர்ப்புமாக இருக்கும். சட்னி அரைப்பவர்களும் உண்டு. மேய்ச்சல் நிலம் குறையக் குறைய இதுவும் அருகி வருகிறது. அதனால் காட்டிலிருந்து பிடுங்காமல், வளர்க்கிறவரிடம் ஒரு துண்டு வாங்கி, காயவைத்து, அதே சரளைக் கலவையில் அரை நிழலில் நடுங்கள். என்னிடம் இரண்டு தொட்டி இருக்கிறது. இப்போதுதான் பக்கக் கிளை விட்டிருக்கிறது, மழை முடிந்து வந்தால் ஆளுக்கு ஒரு துண்டு தருகிறேன்.